2.5, 2.50 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக உங்கள் தளத்தைப் படித்து வருகிறேன். அருப்புக்கோட்டையில் அரிசி, மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழி. போன வாரம் வேதியியல் செய்முறையில் அவளுக்கு அரை மதிப்பெண் குறைந்துவிட்டது. தராசு 2.50 கிராம் என்று காட்டியதை இவள் 2.5 கிராம் என்று எழுதிவிட்டாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். காரணம் எழுதவில்லை.

முப்பது வருடமாகத் தராசு பிடிக்கிறவன் நான். இரண்டரை என்றால் இரண்டரைதானே? பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால் சரக்கு கூடிவிடுமா? இன்னொரு சந்தேகம். நிறை வேறு, எடை வேறு, எடையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும் என்று அவள் பாடம் சொல்கிறது. என் கடை மூட்டை ஒவ்வொன்றிலும் 'நிகர எடை 25 கிலோ' என்றுதான் அச்சடித்திருக்கிறது. யார் சொல்வது சரி? பள்ளிக்குப் போய்க் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

கே., அருப்புக்கோட்டை

அன்புள்ள கே.,

ஆசிரியை செய்தது சரி. ஆனால் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதியிருக்கலாம். அந்த வரியைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே வரும்.

கணக்குப் பாடத்தில் 2.5-ம் 2.50-ம் ஒன்றுதான், அதில் சந்தேகமே இல்லை. அளந்து எழுதும்போது ஒன்றல்ல. இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், கடையில் தினமும் செய்கிறீர்கள். உங்கள் எலக்ட்ரானிக் தராசின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், அப்புறம் 5 கிராம் என்று இருக்கும். அந்த 5 கிராம்தான் அது பார்க்கக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம். அதனால்தான் அந்தத் தராசில் கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக மட்டுமே வரும். 2.500 வரும், 2.505 வரும், 2.503 வரவே வராது. 2.500 என்று காட்டும்போது உண்மையில் 2.498 ஆகவும் இருக்கலாம், 2.502 ஆகவும் இருக்கலாம். அரிசிக்கு அது போதும். உங்கள் மனைவியின் சங்கிலியை அதில் வைத்து விலை பேசுவீர்களா? மாட்டீர்கள். நகைக்கடைக்காரர் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசை வைத்து, ஃபேன் காற்றுகூடப் படாமல் பார்த்துக்கொண்டு, 8.000 கிராம் என்று காட்டுகிறார். எட்டு கிராம் ஒரு பவுன். அதில் உள்ள மூன்று பூஜ்யத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிபார்த்துத்தான் பணம் கொடுப்பீர்கள்.

ஆக, ஓர் அளவின் கடைசி இலக்கம் எத்தனை கூர்மையாகப் பார்த்தோம் என்பதைச் சொல்கிறது. உங்கள் மகள் 2.50 என்று எழுதினால், 'நூறில் ஒரு பங்கு கிராம் வரை பார்த்தேன், அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது' என்று பொருள். 2.5 என்று எழுதினால், 'பத்தில் ஒரு பங்கு வரை பார்த்தேன், அதற்கு மேல் பார்க்கவில்லை' என்று பொருள். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். பாடப்புத்தகத்தில் இதற்கு முக்கிய எண்ணுருக்கள் என்று பெயர். விதிகளை ஐந்தாறாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு. விதி எல்லாம் மறந்துபோனாலும், எது வரை கண்ணால் பார்த்தோம் என்ற ஒரு கேள்வி நினைவிருந்தால் போதும்.

இந்தக் கடைசி இலக்கத்தை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் என்ன நடந்தது என்று சொல்கிறேன், மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற இயற்பியலாளர் வாயுக்களின் அடர்த்தியைத் திரும்ப அளந்துகொண்டிருந்தார். வாயுவை எடை போடுவது லேசான வேலை இல்லை. ஒரு கண்ணாடிக் கோளத்தை எடுத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, அதை வெறுமையாக எடை போட வேண்டும். பிறகு வாயுவை நிரப்பி இன்னொரு முறை. சுற்றியிருக்கும் காற்று கோளத்தைக் கொஞ்சம் மேலே தூக்கும். அந்தக் காற்றின் அடர்த்தியோ நாளுக்கு நாள் மாறும். அதைச் சமன் செய்ய அதே பருமனுள்ள இன்னொரு கோளத்தை எதிர்ப்பக்கம் தொங்கவிட வேண்டும். வெறுமையான கோளம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் இம்மியளவு சுருங்கும் என்பதைக்கூட ராலே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

நைட்ரஜனை அவர் இரண்டு வழியில் தயாரித்தார். ஒன்று, காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிவிட்டு மிச்சத்தை எடுப்பது. இன்னொன்று, அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பிரித்தெடுப்பது. நைட்ரஜன் ஒரு தனிமம், எங்கிருந்து வந்தாலும் நைட்ரஜன்தான். இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும். இருக்கவில்லை. காற்றிலிருந்து எடுத்தது கொஞ்சம் கனமாக இருந்தது. 1892-இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார்: இப்படி வருகிறது, காரணம் புரியவில்லை, வாசகர்கள் யாராவது சொல்ல முடியுமா என்று. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பத் திரும்ப, வேறு வேறு முறைகளில் தயாரித்து அளந்தார். அவர் கோளத்தில் காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் சராசரியாக 2.3102 கிராம். சேர்மங்களிலிருந்து வந்தது 2.2990 கிராம். வித்தியாசம் பதினொரு மில்லிகிராம், உங்கள் கடையில் சிந்திக்கிடக்கும் ஓர் அரிசிமணியைவிடக் குறைவு. இரண்டையும் ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். 2.3, 2.3. ஒன்றாகிவிட்டது! அந்த இடத்தில் ராலே நிறுத்தியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

அவரோடு வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளரும் சேர்ந்தார். காற்றின் நைட்ரஜனில் வேறெதோ கனமான ஒன்று கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து 1894-இல் அறிவித்தார்கள். எதனோடும் வினைபுரியாத வாயு அது. சோம்பேறி என்ற பொருளில் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள். காற்றில் அது நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு பங்கு. நீங்களும் நானும் இப்போது இழுக்கிற மூச்சிலும் இருக்கிறது. அதற்கும் நூறு வருடம் முன்னால், 1785-இல், ஹென்றி கேவண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை எல்லாம் வினைபுரிய வைத்துத் தீர்த்துப் பார்த்தபோது ஒரு சின்னக் குமிழி மட்டும் மிஞ்சியது. நைட்ரஜனில் அது 120-இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதி வைத்தார். அவர் பார்த்ததும் இதுவேதான். என்னவென்று சொல்ல முடியாவிட்டாலும் மிஞ்சியதை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் அவர் மீது மரியாதை கூடுகிறது. ராலேவுக்கும் ராம்சேவுக்கும் 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில்.

சரி, அப்படியானால் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாமா? கூடாது. அதுவும் பொய்தான், எதிர்ப்பக்கத்துப் பொய். ஒரு கைப்பிடி இரும்பு ஆணியின் நிறை 40.2 கிராம். அளவுசாடித் தண்ணீரில் போட்டால் மட்டம் 5.1 மில்லிலிட்டர் ஏறுகிறது. அடர்த்திக்கு வகுத்தால் கால்குலேட்டர் 7.8823529 என்று காட்டும். அந்தச் சின்னச் சாடியைக் கண்ணால் பார்த்துக் கோடியில் ஒரு பங்கு வரை சொல்லிவிட்டோமா? தண்ணீர் மட்டத்தைப் பத்தில் ஒரு பங்குக்குத்தான் பார்த்தோம். அதனால் 7.9 என்று நிறுத்த வேண்டும். இரும்பின் அடர்த்தி 7.87, நம் விடை அதோடு அழகாகப் பொருந்துகிறது.

கடைசி இலக்கம் வரை பார்த்தாலும் ஏமாறலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்த அனுபவம். குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்க்குப் பிப்பெட் என்று பெயர். நான் படித்த காலத்தில் அதை வாயால்தான் உறிஞ்சுவோம். இப்போது ரப்பர் பல்பு வந்துவிட்டது, வாய் வைக்கவே கூடாது. பிப்பெட்டிலிருந்து கரைசல் வடிந்த பிறகு நுனியில் ஒரு துளி நின்றுவிடும். அந்தத் துளியைக் கணக்கில் விட்டுத்தான் கண்ணாடியில் 20 மில்லிலிட்டர் கோடு போட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிட வேண்டும். எனக்கு அது தெரியாது. வீணாகக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் ஊதி இறக்கினேன். அந்தக் கரைசலோடு வினைபுரிய எத்தனை மில்லிலிட்டர் இன்னொரு கரைசல் செலவானது என்று காட்டும் குழாய் பியூரெட். அதில் மூன்று முறையும் 19.9 வந்தது. மூன்றும் அச்சு அசலாக ஒத்துப்போனதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சுற்றி எல்லா மேசையிலும் 19.8. பேராசிரியர் பக்கத்தில் வந்து நின்று, நான்காவது முறை செய்யச் சொல்லி, நான் ஊதியதும் தோளில் கை வைத்தார். "மூணும் ஒண்ணா வந்தா நீ ஒரே மாதிரி செஞ்சிருக்கேன்னு அர்த்தம். சரியா செஞ்சிருக்கேன்னு அர்த்தமில்ல" என்றார். பாடத்தில் நுட்பம், துல்லியம் என்று இரண்டு சொல் வரும். ஒரே மாதிரி வருவது நுட்பம், சரியாக வருவது துல்லியம். அவற்றுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

நிறை, எடை விஷயத்துக்கு வருகிறேன். பாடமும் சரி, மூட்டையும் தப்பில்லை. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது நிறை. அதைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. தமிழில் தராசுக்கு நிறைகோல் என்று ஒரு பழைய பெயர் உண்டு. எடை என்பது 'எடு' என்பதிலிருந்து வருகிறது, எடுத்துத் தூக்கும்போது கையில் தெரிகிற கனம். இரண்டு சொல்லும் இயற்பியலுக்கு எத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டன, பாருங்கள். உங்கள் அப்பா காலத்துத் தட்டுத் தராசு உண்மையிலேயே நிறைகோல்தான். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பருப்பு, இரண்டையும் பூமி ஒரே மாதிரி இழுக்கிறது. நிலாவுக்குக் கொண்டுபோனாலும் முள் நடுவில்தான் நிற்கும். உங்கள் எலக்ட்ரானிக் தராசு அப்படி இல்லை. உள்ளே ஓர் உலோகத் துண்டு, பாரம் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவை மின்சாரத்தால் அளந்து, கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அது உணர்வது பூமியின் இழுப்பைத்தான். கடைப் பேச்சில் எடை என்று சொல்லி நிறையின் அலகான கிலோவைப் போடுவது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். உங்கள் மகள் விடைத்தாளில் மட்டும் பிரித்து எழுதினால் போதும்.

இது வெறும் சொல் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பூமியின் இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் குறைவு, துருவத்தில் அதிகம். டெல்லியைவிடச் சென்னையில் கொஞ்சம் குறைவு, ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவாக வித்தியாசம் வரும். டெல்லியில் சரிசெய்த ஒரு மளிகைத் தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு கிலோ கல்லை வைத்தால் மாற்றமே தெரியாது, அதன் கண்ணுக்கு 5 கிராம்தான் எல்லை. அதே பயணத்தை ஒரு நகைத் தராசு செய்தால், எட்டு கிராம் பவுனை 7.993 என்று காட்டும். தங்கம் ஒரு துளியும் குறையவில்லை, நிறை அப்படியே இருக்கிறது, இழுப்பு மட்டும்தான் குறைந்தது. அதனால்தான் தராசை வைக்கிற ஊரிலேயே எடைக்கல் வைத்துச் சரிசெய்கிறார்கள்.

அந்த எடைக்கல் சரி என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டால், சங்கிலி போலப் போய்க்கொண்டே இருக்கும். முத்திரை போடும் ஆய்வாளரின் கல், அதைச் சரிபார்த்த மேல்நிலைக் கல், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை, அதற்கும் மேலே பாரிஸுக்குப் பக்கத்தில் மூன்று மூடிக்குள் வைத்துப் பூட்டிய மூல உருளை. 1889-இலிருந்து 2019 வரை கிலோ என்றால் அந்த உருளைதான். ஒரு நூற்றாண்டில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. எது கூடியது, எது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2019 மே 20 முதல் கிலோவை எந்த உருளையையும் நம்பாமல், பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவை வைத்து வரையறுக்கிறார்கள். அன்றும் உங்கள் கடையில் அரிசி அதே அளவில்தான் விற்றிருக்கும், அந்த மாற்றம் அத்தனை பின்னால் இருக்கும் தசம இடத்தில் நடந்தது.

பள்ளிக்குப் போங்கள், தாராளமாகப் போங்கள். அரை மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். ஆசிரியையிடம் சின்ன அளவுசாடி ஒன்றை ஒரு நாள் இரவல் கேளுங்கள். துருப்பிடிக்காத இரும்பு ஆணி ஒரு கைப்பிடி எடுத்து முதலில் உங்கள் தராசில் மகளே வைத்துப் பார்க்கட்டும். 100 கிராமுக்குக் குறைவான பாரத்தை அது நம்பும்படி காட்டாது. அப்புறம் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் போய் அதே ஆணிகளை அவர் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சாடியில் தண்ணீர் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த எண்களைத் தராசு காட்டியபடியே, கடைசிப் பூஜ்யம் இருந்தால் அதோடு சேர்த்து, அவள் கையெழுத்திலேயே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்