கல்யாண போட்டோகிராஃபி: கேட்டதும் சொன்னதும்

2002-இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தேன். இன்றைக்கு எனக்கென்று ஒரு சின்னக் குழு இருக்கிறது. போட்டோகிராஃபியைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது கல்யாண வேலைதான். சினிமா, ஃபேஷன் பக்கம் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

தேனியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. எந்த கேமரா வாங்கலாம்?

முழுப் பணத்தையும் கேமராவில் போடாதீர்கள் தம்பி. பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்று, ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், இரண்டு பேட்டரி போதும். பழையது வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கிளிக் சர்வசாதாரணம். அதனால் ஒரு லட்சம் கிளிக்கைத் தாண்டிய பாடியை விலை குறைத்துக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெரிய லென்ஸ் வேண்டும் என்றால் வேலை வரும் அன்று வாடகைக்கு எடுங்கள். நானே தூரத்திலிருந்து எடுக்கும் 70-200 லென்ஸை ஆறு வருஷம் வாடகைக்குத்தான் எடுத்தேன்.

மன்னார்குடி: ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. லைட் மட்டும்தான் பிடிக்கச் சொல்கிறார்கள். காலம் வீணாகிறதோ என்று தோன்றுகிறது.

வீணாகவில்லை. லைட் பிடிப்பவனுக்குத்தான் மேடை முழுதாகத் தெரியும். தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது விநாடிகூட இருக்காது. ஐயர் விரலை ஆட்டுவதற்கு முன்பே தவில்காரர் நிமிர்ந்து உட்காருவார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கெட்டிமேளம் வரப்போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாத்தனார் முடிச்சுப் போட எந்தப் பக்கம் வருவார், எந்தப் பெரியப்பா குறுக்கே எழுந்து நிற்பார், எல்லாம் லைட் பிடித்தவனுக்கு மனப்பாடம். அட்சதை விழ ஆரம்பித்ததும் கேமரா பெண்ணின் முகத்தை விட்டுவிட்டுப் பறக்கிற அரிசியில் ஃபோகஸ் செய்துவிடும். அதனால் நான் முன்பே முகத்தில் ஃபோகஸைப் பூட்டிவிடுவேன். அபெர்ச்சரையும், அதாவது லென்ஸின் திறப்பையும், சின்னதாக 4-இல் வைத்துக்கொள்வேன், இரண்டு முகமும் தெளிவாக வரும். அகலத் திறந்து 1.8-இல் எடுத்து மாப்பிள்ளையை மங்கலாக்கிவிட்டு 'கேண்டிட்' (இயல்பாக எடுத்த படம்) என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் கேட்கமாட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஒரு வருஷம் முடிந்த பிறகும் ஒரு ரிசப்ஷன்கூட எடுக்க விடவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

திருப்பூர்: நான் 45,000 கேட்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் 25,000-க்கு எடுக்கிறார். விலையைக் குறைக்கவா?

கணக்குப் போடுவோம். வீடியோ இல்லாமல், மாலை ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் என்று வையுங்கள். கூட எடுப்பவருக்கு 5,000. லைட் பையனுக்கு 1,500. லென்ஸ் வாடகை 1,500. கார், சாப்பாடு 3,000. ஆல்பம் டிசைன் 5,000, ஆல்பம் பெட்டியோடு 14,000. பென்டிரைவ், சில்லறைச் செலவு 2,000. மொத்தம் 32,000. கையில் மிச்சம் 13,000. பேச்சுவார்த்தைக்கு ஒரு நாள், எடுக்க இரண்டு நாள், படம் பொறுக்கிக் கலர் சரிசெய்ய நாலு நாள் என்று ஏழு நாள் உழைப்பு. இரண்டு லட்ச ரூபாய் கேமரா நூறு கல்யாணம் உழைக்கும் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 2,000 தேய்மானம். அதையும் கழித்தால் ஒரு நாளைக்கு 1,600-கூட நிற்கவில்லை.

இதே வேலையை 25,000-க்குச் செய்தால் தேய்மானத்துக்கு முன்பே கையிலிருந்து 7,000 போடுகிறீர்கள். பக்கத்துத் தெருக்காரர் ஆல்பத்திலோ ஆளிலோ குறைக்கிறார், இல்லையென்றால் கணக்கே போடவில்லை. வாடிக்கையாளர் பட்ஜெட் குறைவு என்றால் நீங்களும் வேலையைக் குறையுங்கள். ஆல்பம் இல்லாமல் படம் மட்டும், அல்லது முகூர்த்தம் மட்டும். அதே வேலையை மலிவாகச் செய்யாதீர்கள். ஊரில் ஒருமுறை விழுந்த ரேட்டை ஏற்ற ஐந்து வருஷம் ஆகும்.

அப்புறம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வரி 18 சதவீதம். அந்த 20 லட்சம் லாபம் அல்ல, மொத்த வரவு. இதைப் பலர் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: வெளியூர் இரவு வேலைக்கு வீட்டில் சம்மதிக்கவில்லை. எனக்கு இடம் இருக்கிறதா?

நிறையவே இருக்கிறதும்மா. மணப்பெண் அலங்கரிக்கும் அறைக்குள் நான் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்க வேண்டும். நீங்கள் உள்ளேயே இருக்கலாம். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பிறந்த குழந்தைப் படங்கள் எல்லாம் பெரும்பாலும் பகல் வேலை. பெண் போட்டோகிராஃபர்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. வெளியூர் போகும் நாள் வந்தால் தங்கும் அறை, உடன் வரும் ஆளின் செலவு இரண்டையும் அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

கடலூர்: உங்களுக்கு ஒரு வேலையாவது சொதப்பியிருக்கிறதா?

2013. ஒரே மெமரி கார்டு போடுகிற கேமரா. மாமா தோளில் பெண்ணைத் தூக்கிவர, இந்தப் பக்கம் மாப்பிள்ளையைத் தூக்கிவர, மாலை மாற்றல் அமர்க்களமாக நடந்தது. இரவு கார்டைப் போட்டால் கம்ப்யூட்டர் 'ஃபார்மேட் செய்யவா?' என்கிறது. மென்பொருள் வைத்துப் பாதிக்கு மேல் மீட்டோம். மாலை மாற்றல் மட்டும் வரவில்லை. மறுநாள் காலையிலேயே போய் உண்மையைச் சொல்லிப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா திட்டவே இல்லை, காபி கொடுத்தார். அந்தத் தெருவிலிருந்து இதுவரை எனக்கு வேறு வேலை வரவில்லை.

இப்போது இரண்டு கார்டு போடும் பாடி மட்டும்தான். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல். அது என் பையில் வராது, உதவியாளர் பையில் போகும். ஆல்பம் கைக்குப் போகும்வரை கார்டை அழிப்பதில்லை.

சேலம்: நான் எடுத்த கல்யாணப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டதற்குச் சண்டைக்கு வருகிறார்கள். படம் என்னுடையதுதானே?

அப்படி நினைத்துத்தான் எல்லோரும் மாட்டுகிறோம். 1957-ஆம் ஆண்டுக் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை அவருக்குத்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. எனவே ஒப்பந்தத்தில் 'விளம்பரத்துக்குச் சில படங்களைப் பயன்படுத்துவோம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் அதற்குப் பிறகும் பெண்ணிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போடுவேன். இப்போதைக்குப் படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள்.

ராசிபுரம்: பாக்கிப் பணம் வரவில்லை.

பாதி அட்வான்ஸ், முகூர்த்தத்தன்று கால், ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் மீதி. ஆல்பம் கைமாறிய பிறகு யாரும் போனை எடுக்கமாட்டார்கள்.

திருவாரூர்: ஆடி, மார்கழியில் என்ன செய்வீர்கள்?

முதல் சில வருஷம் கடன் வாங்கினேன். பிறகு பொருள் படங்கள் பக்கம் போனேன். திருபுவனம் பட்டு, சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, எல்லாம் பக்கத்திலேயே இருக்க ஏன் சும்மா இருக்க வேண்டும்? முதலில் எடுத்த குத்துவிளக்குப் படத்தில் விளக்குக்குள்ளே நான், கேமரா, டியூப் லைட், சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எல்லாம் தெரிந்தன. நாலு பக்கமும் வெள்ளை வேட்டியைக் கட்டி, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை மட்டும் விட்டு, வேட்டிக்கு வெளியிலிருந்து லைட் கொடுத்த பிறகுதான் பித்தளை பித்தளையாகத் தெரிந்தது. ஒரு வேட்டி போச்சு.

பள்ளி குரூப் போட்டோவும் உண்டு. ஐம்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்திருக்க வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.