பெட்ரோலியம் படிக்கலாமா? முதலில் பாறையைப் படிக்கட்டும்

வணக்கம் அம்மா. மகன் பெட்ரோலியப் பொறியியல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், எண்ணெய்க்கு எதிர்காலம் இருக்குமா என்ற கவலையில் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவன் ஆசையைத் தட்டிவிட வேண்டாம். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மான்டானாவில் எல்ம் கூலி என்று ஓர் எண்ணெய் வயல். அங்கே பாக்கன் என்ற பாறைத் தொகுதியில் தரமான இலகு எண்ணெய் இருந்தும் எடுக்க வழியில்லை. எண்ணெய் தங்கியிருக்கும் டோலமைட் (சுண்ணாம்புப் பாறைக்கு உறவான ஒரு பாறை) அடுக்கு மெல்லியது, இறுகியது. மேலிருந்து நேராகத் துளைத்தால் கிணறு சில மீட்டர் மட்டும் அதைத் தொட்டுவிட்டுக் கீழே போய்விடும். டிக் ஃபிண்ட்லி என்ற நிலவியலாளர் அந்த அடுக்கை விடாமல் நம்பினார். 2000-ல் சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் துளையை மெல்ல வளைத்து, அடுக்கோடு அடுக்காகப் படுக்கவைத்து ஓட்டி, நீரழுத்தத்தால் பாறையில் விரிசல் உண்டாக்கிய பிறகுதான் அந்த வயலுக்கு உயிர் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த வேலை, துளையை அடுக்குக்குள்ளேயே வைத்திருப்பது. மேலும் கீழும் கறுப்புக் களிப்பாறை. அதிலிருந்து இயற்கையாகவே வரும் காமா கதிர்வீச்சு அதிகம். கணினித் திரையில் அதைக் காட்டும் கோடு ஏறினால் துளை தடம் மாறுகிறது என்று பொருள். அதை அளக்கும் உணர்கருவியோ துளைமுனைக்குப் பல மீட்டர் பின்னால் இருக்கும். அதாவது, ஏற்கெனவே கடந்துவிட்ட பாறையைப் பார்த்து, இனி வரப்போகும் பாறையைக் கணிக்க வேண்டும். துளைக்குள் செலுத்தும் சேற்றுக்குழம்போடு மேலே வரும் பாறைத் துணுக்கைக் கழுவி ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்புப் பாறை உடனே பொங்கும், டோலமைட் சோம்பலாகக் குமிழிடும். புறஊதா விளக்கில் இலகு எண்ணெய் வெளிர்நீலமாக ஒளிரும். இதையெல்லாம் அதிகாலை 3 மணிக்குக் கண் எரிய எரியப் பார்க்க வேண்டியிருக்கும். 12 மணி நேர ஷிப்ட். வாரக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது.

உங்கள் பயமும் வீண்பயம் இல்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேரச் சந்தை விலை (பின்னர் கையில் வாங்கும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது. இத்தகைய கிணறுகளில் உற்பத்தியும் முதல் ஆண்டிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் புதிதாகத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விலை சரிந்தால் ரிக் என்ற துளையிடும் இயந்திரம் நிற்கும், ஆட்குறைப்பு வரும்.

அதனால் என் யோசனை இதுதான். இளங்கலையில் இயந்திரவியல், வேதிப்பொறியியல், நிலவியல் என்று அகலமான அடித்தளம் போடட்டும். பெட்ரோலியத்தை முதுகலையில் எடுத்துக்கொள்ளலாம். நிலவியல் எடுத்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. துளையிடும் திறமை எண்ணெயோடு முடிவதில்லை. 2023-ல் நெவாடாவில் இதே கிடைமட்டக் கிணறுகளை வைத்துப் பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள்.

சம்பளத்தை மட்டும் பார்த்துத்தான் கேட்கிறானா என்பது எனக்குத் தெரிய வேண்டும். கிணறு ஏன் வளைகிறது என்று அவனையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இயற்பியல், கணித மதிப்பெண்களோடு அதையும் எனக்கு அனுப்பிவையுங்கள் அம்மா.