எடை குறைந்தது, செலவு குறையவில்லை: தொங்கும் தோலுக்காக இன்னொரு கடன் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு 38 வயது. எட்டு மாதம் முன்பு எடை குறைக்க ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இதுவரை 34 கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் டாக்டர் நிறுத்திவிட்டார். அறுவைக்காக வாங்கிய தனிநபர் கடனில் இன்னும் 14 தவணை பாக்கி. அதோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் வைட்டமின், புரோட்டீன் பவுடர், ரத்தப் பரிசோதனை என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கிறது. புது உடை வாங்கி வாங்கி கிரெடிட் கார்டிலும் பாக்கி ஏறிவிட்டது. இப்போது வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்குகிறது, வயிற்று மடிப்பில் அடிக்கடி புண் வருகிறது, கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. தோலை எடுத்துவிட அறுவை செய்யலாம் என்றால், கடன் கொடுத்தவர்களே டாப்-அப் தருவதாக தினமும் போன் செய்கிறார்கள். என் கணவரோ, "அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை எடு, வட்டியாவது மிச்சம்" என்கிறார். எது சரி? ஓய்வுக்காலச் சேமிப்பை ஒரு வருடம் நிறுத்தலாமா? வைட்டமின்களில் எதைக் குறைக்கலாம்? இப்போது ஆயுள் காப்பீடு எடுத்தால் பிரீமியம் குறைவாக வருமா? இன்னொன்று, பழைய பெரிய உடைகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

பதில்: டாப்-அப் வேண்டாம், அவசர நிதியிலும் கை வைக்காதீர்கள். தோல் அறுவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்ய உங்கள் உடம்பே இன்னும் தயாராகவில்லை, அது தயாராகும்போது உங்கள் கடனும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும் என்பதுதான் விஷயம்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எடை வேகமாக இறங்குவது முதல் ஒரு வருடத்தில், அப்புறம் மெதுவாகி 12 முதல் 18 மாதத்துக்குள் ஓரிடத்தில் நிற்கும். நீங்கள் எட்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள், இன்னும் இறங்குவீர்கள். இப்போது தோலை வெட்டித் தைத்தால், அடுத்த பத்து கிலோ போனதும் மறுபடியும் தொங்கும். அதனால்தான் நல்ல பிளாஸ்டிக் சர்ஜன்கள் எடை நிலைத்து சில மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருந்த பிறகு வரச் சொல்கிறார்கள். இப்போதே செய்யலாம் வாருங்கள் என்று ஒருவர் சொன்னால், இன்னொரு சர்ஜனையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தொகைகளை, படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, உங்கள் மாதச் சம்பளம் 100 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். வீட்டுச் செலவு 45, கடன் தவணை 18, ஓய்வுக்காலச் சேமிப்பு 10, வைட்டமின் வகையறா 7, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையாக 4. மீதி 16 எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டில் நிற்கும் பாக்கி 40, அவசர நிதி 300, அதாவது மூன்று மாதச் சம்பளம். வயிறும் கையும் சேர்த்துத் தோல் அறுவைக்கு உங்களிடம் சொன்ன தொகை 500.

முதலில் கார்டு. உங்களிடம் இருக்கும் கடன்களில் அதிக வட்டி அதற்குத்தான், அதற்குப் போய்க் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 16இல் ஆறை எடுத்துக் கார்டுக்கு மாதம் 10 ஆகக் கட்டுங்கள், அதில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். வட்டியோடு சேர்த்து ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகும் அந்தப் 10 உங்கள் கைக்குத் திரும்பி வரக் கூடாது, தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து சம்பளம் வந்த அன்றே அதில் போய் விழும்படி செய்யுங்கள். தவணை முடிய மீதமிருக்கும் ஒன்பது மாதத்தில் 90 சேரும். தவணை முடிந்ததும் அந்த 18உம் சேர்ந்துகொள்ளும், மாதம் 28.

அப்புறம் அந்த 500. கையையும் வயிற்றையும் ஒரே நேரத்தில் செய்தே தீர வேண்டும் என்பதில்லை, பலர் பகுதி பகுதியாகத்தான் செய்துகொள்கிறார்கள், உங்களுக்கோ வயிற்றில்தான் தொல்லை. வயிற்றுக்கு மட்டும் சொன்ன தொகை 300. ஆனால் அந்த 300இல் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், தங்கும் நாட்கள், பிறகு வாரக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டிய இறுக்கமான உடை, தையல் பிரிந்தாலோ நீர் கோத்தாலோ மறுபடி பார்க்க ஆகும் செலவு, இதெல்லாம் முதல் தாளில் பெரும்பாலும் இருக்காது. வேலைக்குப் போக முடியாத வாரங்களும் உண்டு. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்காதவர்களுக்கு அதுவும் அறுவைச் செலவுதான். இதற்கெல்லாம் இன்னொரு 60 வையுங்கள், 360 ஆகிறது. 90 கையில் இருக்கும், மீதி 270ஐ மாதம் 28 வீதம் சேர்க்கப் பத்து மாதம். ஆக, இன்றிலிருந்து இரண்டு வருடத்தில் ஒரு காசு கடன் இல்லாமல், அவசர நிதி 300உம் அப்படியே இருக்க, வயிற்று அறுவையை முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடம் அதிகம்தான். குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் தினமும் பார்க்கிறவர் நீங்கள், நான் இல்லை. ஆனால் இதைச் சீக்கிரமாக்க ஒரு வழி இருக்கிறது, அது கடன் இல்லை. மடிப்பில் அடிக்கடி புண் வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே பண மதிப்புள்ள வரி அதுதான். தொங்கும் தோலை அழகுக்காக எடுத்தால் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் வராது. தீராத புண், தொற்று, நடக்க இடைஞ்சல் என்று மருத்துவக் காரணம் இருந்தால் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் அறுவைக்கு, அதன் பெயர் பானிகுலெக்டமி, சில பாலிசிகள் ஒத்துக்கொள்கின்றன. வயிற்றுத் தசையையும் இழுத்துக் கட்டும் டம்மி டக் வேறு, அதை அழகுக் கணக்கில்தான் வைப்பார்கள். எனவே அடுத்த முறை புண் வந்தால் வீட்டிலேயே பவுடர் போட்டுச் சமாளிக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன புண், என்ன மருந்து கொடுத்தார், எத்தனை நாளில் ஆறியது, திரும்ப எப்போது வந்தது, எல்லாம் சீட்டில் ஏறட்டும், தேதி தெரியும்படி போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆறேழு மாதத்துக்கான இந்தக் காகிதங்களோடு, அறுவைக்கு முன்பே, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். செய்து முடித்துவிட்டுக் கேட்பவர்கள்தான் அலைகிறார்கள்.

கணவர் சொல்லும் வட்டிக் கணக்கு தப்பில்லை, வேறு யாராக இருந்தாலும் நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் இந்த அறுவை செய்தவர். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகம், திடீர் வலியோடு போய்ப் பித்தப்பையையே எடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. ஸ்லீவுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் மாத்திரைக்கும் அடங்காமல் போய், அதை இரைப்பை பைபாஸாக, அதாவது சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போகும்படி, மாற்ற இரண்டாவது அறுவை தேவைப்படுகிறது. வாந்தி நிற்காமல் போனால் தயாமின் (வைட்டமின் பி1) சத்து இறங்கி நரம்பு மண்டலத்தைத் தாக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. உங்களுக்கு இதெல்லாம் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நிலையில் இருப்பவருக்கு மூன்று மாதச் சம்பளம் என்பதே குறைவு, நான்காக்கலாமா என்றுதான் யோசிக்க வேண்டும்.

வைட்டமினில் எதைக் குறைப்பது? எதையும் இல்லை. இது ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டிய வாடகை மாதிரி. இதில் மோசமான விஷயம், நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. பி12 உடம்பில் நிறையச் சேமிப்பாக இருப்பதால் மாதங்கள், சமயத்தில் வருடங்கள் கழித்துத்தான் கால் மரத்துப்போவது, மறதி என்று தலைகாட்டும், நரம்பு கெட்டுவிட்டால் முழுதாகத் திரும்பும் என்று உறுதியில்லை. எலும்பு தேய்வதும் சத்தமில்லாமல்தான் நடக்கும். ஆகவே மாத்திரைகளும், முதல் வருடத்தில் சில தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் பட்ஜெட்டில் வீட்டு வாடகைக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

ஆனால் அந்த 7ஐயே 5 ஆக்க இடமிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பில்களில் முடி வளர பயோட்டின், முடிக்கு சீரம், கம்மி மிட்டாய் வடிவ மல்டிவைட்டமின் எல்லாம் இருக்கின்றன. எடை இறங்கிய மூன்றாவது மாதவாக்கில் முடி கொட்டுவது பலருக்கும் வருவதுதான், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே தப்பாகக் காட்டவைக்கும், காசு கொடுத்துப் பரிசோதனையைக் கெடுத்துக்கொள்வானேன், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கம்மிகளில் பெரும்பாலும் இரும்புச்சத்தே இருக்காது. கால்சியத்தில் விலை மலிவு என்று கார்பனேட் வகையை வாங்காதீர்கள், அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சிட்ரேட் வகைதான் இந்த அறுவை செய்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வாங்கிய மாத்திரையில் பாதி வீண். புரோட்டீன் பவுடரை, மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய டப்பாவாக வாங்குகிறீர்கள். இந்த அறுவைக்குப் பிறகு நாக்கு அடிக்கடி மாறும், போன மாதம் பிடித்த வாசனை இந்த மாதம் குமட்டும், அப்புறம் பாதி டப்பா அலமாரியில் கிடக்கும். சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சாப்பாட்டிலிருந்தே கிடைக்க ஆரம்பித்ததும், உணவியல் நிபுணரைக் கேட்டுப் பவுடரைக் குறைக்கலாம்.

நீங்கள் எழுத மறந்த ஒரு வரவும் இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதம் 5 போய்க்கொண்டிருந்தது, இப்போது இல்லை. அந்த 5 எங்கே? தெரியாமல் போகும் 16இல் கரைகிறது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சாப்பாட்டில் கிடைத்துவந்த ஆறுதல் நின்றுபோனவர்கள் சிலர் அதை வேறிடத்தில் தேடுகிறார்கள், சிலருக்கு மது, சிலருக்கு ஆன்லைன் ஷாப்பிங். உங்கள் கார்டு பில்லில் உடைகள் பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல் வாங்கப்பட்டவை, பல இரண்டு மாதத்திலேயே தொளதொளத்துவிட்டன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடை நிற்கும்வரை வேலைக்குப் போட நாலு செட் போதும், கைமாறி வந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. போனிலிருந்து கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். அதற்குமேல் கை நிற்கவில்லை என்றால் உங்கள் அறுவைக் குழுவில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், அவர் இருப்பதே இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்தாதீர்கள். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்றின் முடிவு 2007இல் வெளிவந்தது. எடை குறைப்பு அறுவைகளைச் செய்துகொண்டவர்களிடையே, செய்துகொள்ளாத உடல்பருமன் உள்ளவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. பணக் கணக்குப் பார்ப்பவனாக நான் இதைப் படிக்கும் விதம் வேறு: முன்பு கணக்குப் போட்டதைவிட அதிக வருடத்துக்கு உங்களுக்குப் பணம் தேவைப்படப் போகிறது, சேமிப்பை ஏற்ற வேண்டிய நேரத்தில் இறக்குவதா?

ஆயுள் காப்பீட்டைப் பொறுத்தவரை, அறுவை முடிந்த கொஞ்ச நாளிலேயே விண்ணப்பித்தால் தள்ளிப்போடுவதோ அதிக பிரீமியம் கேட்பதோ சகஜம், குறைந்த எடை நிலைக்குமா என்று பார்க்க நினைப்பார்கள். எடை நின்று ஒரு வருடம் போகட்டும், ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு இரண்டு மூன்று நிறுவனங்களில் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள பாலிசியில் எடைக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டிவந்தால் மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிது தேடாதீர்கள். எந்தப் படிவத்திலும் அறுவையை மறைக்காதீர்கள், பின்னால் குடும்பம் கேட்கும்போது அதைக் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

பழைய உடைகள்: இரண்டு வருடம் கழித்துக் கொஞ்சம் எடை திரும்ப ஏறுவது பலருக்கும் நடக்கிறது, அதனால் இப்போதைய அளவுக்கு ஒரு படி மேலே உள்ளதில் இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் இந்த மாதமே விற்றுவிடுங்கள், வருகிற தொகையைக் கார்டில் கட்டுங்கள்.