கிண்டர் மலைமேட்டில் ஒரு சுற்று – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் மான்செஸ்டருக்கு வந்து ஓராண்டாகிறது. சென்ற சனிக்கிழமை அருகிலுள்ள ஹேஃபீல்டு கிராமத்தில் தொடங்கி, கிண்டர் ஸ்கௌட் மேட்டைச் சுற்றிவந்து மீண்டும் ஹேஃபீல்டிலேயே முடித்தேன். பள்ளத்தாக்குகள் அழகாக இருந்தன. மேலே ஏறிய பிறகு கண்ணுக்கு எட்டியவரை ஒரே தரிசு. சலித்துப்போய், பாதையை விட்டு விலகி மேட்டின் குறுக்கே நடக்கப் பார்த்தேன். முழங்கால்வரை கருஞ்சேற்றில் இறங்கியதும் திரும்பிவிட்டேன். ஜூன் மாதம் அப்பா வருகிறார். அறுபத்தைந்து வயதானாலும் நன்றாக நடப்பார். அவரோடு போகும்போது இந்தச் சுற்றை வலமாகப் போவது நல்லதா, இடமாகவா? மேலே உள்ள தரிசைத் தவிர்க்க வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வலமாகவே போங்கள். பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் தொடங்கி, நீர்த்தேக்கத்தை ஒட்டி நடந்து, வில்லியம் க்ளஃப் ஓடையோடு ஏறி, மேட்டின் மேற்கு விளிம்பில் கிண்டர் டௌன்ஃபால் அருவியைப் பார்த்துவிட்டு, கிண்டர் லோ முகட்டின் வழியாக இறங்கலாம். மேட்டைத் தவிர்க்கும் வழியை நான் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வரும் ‘தரிசு’ என்ற சொல்தான் என்னை இந்தப் பதிலை எழுதவைத்தது. சில வாரங்களாகவே அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

விளைச்சல் தராத நிலத்தைத் தரிசு என்று எழுதிவைப்பது வரி வசூலிப்பவரின் வழக்கம். நடக்கப் போனவர் ஏன் அந்தக் கண்ணைக் கடன் வாங்க வேண்டும்? நீங்கள் காலை விட்ட கருஞ்சேறு பீட் எனப்படும் கரிமண். ஸ்பேக்னம் என்ற பாசி தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்குவரை நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த அமில ஈரத்தில் செத்த செடிகள் முழுவதும் மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் உயர்ந்துதான் அந்த மண் உருவாகிறது. உங்கள் கால் ஐம்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தவா அதை மிதித்தீர்கள்? கோபமாகத்தான் கேட்கிறேன். செடி மூடியிராத கரிமண் ஒரு மழைக்கே கரைந்து ஓடும். ஒருவர் பதித்த தடத்தில் அடுத்தவரும் நடந்தால் அது வாய்க்காலாகும், வாய்க்கால் அறுத்துக்கொண்டு ஆள் மறையும் பள்ளமாகும். அந்த மேட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கரும்பள்ளங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எல்லாப் பழியும் நடப்பவர்கள்மேல் இல்லை. மான்செஸ்டர் பக்கத்து ஆலைகளின் நிலக்கரிப் புகை நூறாண்டுகளுக்கு மேலாகக் கந்தகத்தோடு இந்த மேட்டில் படிந்து பாசியைக் கொன்றது. பாசி போனதும் மண் வெளியே தெரிந்தது. நீங்கள் வெறுமை என்று கண்டதில் ஒரு பகுதி அப்படி உண்டாக்கப்பட்ட வெறுமை. இன்று பள்ளங்களுக்குக் குறுக்கே கல்லாலும் மரத்தாலும் சிற்றணைகள் கட்டி, பாசியைக் கையால் நட்டு, அதை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞரும் இன்னும் சில நூறு பேரும் இதே கல்குவாரியில் கூடி, இதே ஓடை வழியாக ஏறினார்கள். பறவை வேட்டைக்காகப் பொதுமக்கள் நுழையாதபடி பூட்டிவைக்கப்பட்டிருந்த மேடு அது. வேட்டை நிலத்தின் காவலாட்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஐந்து பேர் சிறை சென்றார்கள். இதை விரிவாக எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அன்று ஏறியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் எனக்கு அந்த மேட்டைக் காட்டியவரும் ஓர் ஆலைத் தொழிலாளிதான். 1990களின் இறுதியில் மான்செஸ்டருக்கு அருகே நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர். எழுபதைக் கடந்தவர், பதினைந்து வயதிலேயே நூற்பாலைக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அழைத்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் உங்கள் சுற்றுக்குச் சற்று வடக்கே, மில் ஹில் என்ற குன்றிலிருந்து ஸ்னேக் சாலைக்குப் போகும் பாதையில் நடந்தோம். அங்கே கரிமண்ணைக் காப்பதற்காகப் பெரிய கற்பலகைகளை வரிசையாகப் பாவியிருப்பார்கள். இடிக்கப்பட்ட நூற்பாலைகளின் தளக்கற்கள் அவை. ஹெலிகாப்டரில் தூக்கிவந்து இறக்கியவை. ஒரு கல்லில் வட்டமாக ஒரு துளை இருந்தது, அதில் மழைநீர் தேங்கியிருந்தது. பெரியவர் முழங்காலை மடித்து உட்கார்ந்து, அந்தத் துளைக்குள் விரலை விட்டுத் துழாவினார். நூற்பு இயந்திரத்தின் காலை போல்ட் போட்டு இறுக்கிய இடம் என்றார். எழுந்தவர், கல்லின்மேல் நின்றபடியே, தான் நின்ற வரிசையில் ஓர் இயந்திரத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை எட்டு இடைவெளி இருந்தது என்று நடந்து காட்டினார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. எந்த ஆலைகளின் புகை அந்தப் பாசியை எரித்ததோ அவற்றின் தளமே இப்போது அந்த மண்மேல் கிடந்து அதைக் காக்கிறது என்பதை நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். அவர் அன்றே அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா என்ன தொழில் செய்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் நடக்கத் தெரிந்தவர் என்பது போதும். ஜூன் மாதத்தில் அந்த மேடெங்கும் பஞ்சுப்புல் வெள்ளைப் பஞ்சு விரித்துக் காற்றில் சாய்ந்துகொண்டிருக்கும். அவரை அவசரப்படுத்தாதீர்கள், பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். இருவருக்கும் நல்ல மழைச்சட்டை வேண்டும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் டௌன்ஃபால் அருவி கீழே விழாமல் மேல்நோக்கித் திரும்பி, விளிம்பில் நிற்பவர்களை முழுக்க நனைத்துவிடும்.