ஆம்புலன்ஸ்காரங்களுக்கு ஏன் இத்தனை அப்டேட்?

டிரெய்னிங் முடிச்சுட்டா போதாதா, ஏன் அடிக்கடி புது சர்க்குலர்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க, ஏன்னா வைத்தியமே மாறுது. 2010 வரைக்கும் சிபிஆர்னா, அதாவது இதயம் நின்னவங்களுக்குச் செய்யற முதலுதவின்னா, மொதல்ல மூச்சுப்பாதை, அப்புறம் மூச்சு, அப்புறம்தான் நெஞ்சை அழுத்தறது. அந்த வருஷம் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வரிசையையே மாத்தி அழுத்தறதை முன்னாடி கொண்டு வந்துச்சு. 2015ல நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, ஆழம் 5லேர்ந்து 6 சென்டிமீட்டர்னு மேல் வரம்பும் வெச்சாங்க, ஏன்னா வேகம் கூடிட்டா கை ஆழமா இறங்காது. நெஞ்சுவலின்னாலே ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுன பழக்கமும் போயிடுச்சு, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு நார்மலா இருந்தா தேவையில்ல.

ஆனா என்னைக் கேட்டா இதையெல்லாம் விட முக்கியம் அன்னன்னிக்கு வர்ற லோக்கல் தகவல்தான். எந்த ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் ரிப்பேர்னு ஷிப்ட் மாறும்போது ஒரு வரி சொல்லாம விட்டா போதும், பக்கவாதம் வந்தவரை அங்க இறக்கி, திரும்ப ஏத்தி, வேற எடத்துக்கு ஓடணும். ஸ்கேன் பார்த்துட்டுதான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும், அதுக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதுவும் அறிகுறி ஆரம்பிச்சதுலேர்ந்து, நாம போய் சேர்ந்ததுலேர்ந்து இல்ல.