வாசகர் கேள்வி: லாரி ஓட்டுநரின் 14 மணி நேரம்

கேள்வி: அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்றும், வண்டியிலுள்ள கருவியே அதைக் கணக்கு வைக்கிறது என்றும் சொல்கிறார்கள். இரவு பகலாக ஓட்டியே லோடு நேரத்துக்குப் போய்ச் சேராத தொழிலில் இது எப்படிச் சாத்தியம்?
— வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் அங்குள்ள ஓட்டுநரை உண்மையில் நெருக்குவது 11 மணி நேர வரம்பைவிட, அதனுடன் வரும் 14 மணி நேர வரம்புதான். தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தவர் பணியில் இறங்கியதும் இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது; 14 மணி நேரம் முடிந்தபின் வண்டியை ஓட்ட அனுமதியில்லை. இடையில் சாப்பிட்டாலும், டீசல் போட்டாலும், கிடங்கு வாசலில் காத்துக் கிடந்தாலும் அது நிற்பதில்லை.

ஒருவர் காலை 6 மணிக்கு டயர், பிரேக், விளக்குகளைச் சரிபார்க்கத் தொடங்கி, 6.30க்குப் புறப்பட்டு, 10.30க்குக் கிடங்கை அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கை இறக்கி முடிக்கப் பிற்பகல் 3.30 ஆகிவிட்டால், இன்னும் 7 மணி நேரம் ஓட்ட உரிமை இருந்தும், இரவு 8 மணிக்குள் நிறுத்தியாக வேண்டும் என்பதால் அவரால் 4½ மணி நேரமே ஓட்ட முடியும். நெடுந்தூர ஓட்டுநர்களில் பலர் மைல் கணக்கில் கூலி பெறுபவர்கள். ஆகவே கிடங்குக்காரரின் தாமதம் ஓட்டுநரின் வருமானத்தில்தான் கைவைக்கிறது. மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தரச் சொல்லும் 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும் இவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது.

இதைச் சமாளிக்க அனுபவசாலிகள் ஓய்வைப் பிரித்துக்கொள்கிறார்கள். கேபினுக்குப் பின்னுள்ள படுக்கையில் தொடர்ந்து 7 மணி நேரமாவது படுத்து, வேறொரு வேளையில் 2 மணி நேரமாவது பணியிலிருந்து முற்றிலும் விடுபட்டு, இரண்டும் சேர்ந்து 10 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால், அவ்விரண்டுமே 14 மணி நேரக் கணக்கில் சேராது என்று 2020 செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. மேற்சொன்ன ஓட்டுநர் அந்த 5 மணி நேரமும் பொறுப்பிலிருந்து விடுபட்டுப் படுத்திருந்தால், இரவு 10.30 வரை ஓட்டிவிட்டு 7 மணி நேரம் தூங்கப் போகலாம். ஆனால் அந்த நேரத்தில் லாரி நிறுத்துமிடங்கள் நிரம்பி வழியும் என்பது தனிக் கவலை.

மொத்தம் 8 மணி நேரம் ஓட்டியதும் அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். வாரம் முழுதும் இயங்கும் நிறுவனங்களில் 8 நாள்களுக்கு 70 மணி நேரப் பணியே உச்சவரம்பு. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம்.

கேள்வி: கருவி வந்தபின் பொய்க் கணக்கு ஒழிந்துவிட்டதா?
— வாசகர், சங்ககிரி

பதில்: ஓட்டிய நேரத்தைப் பொறுத்தவரை பெருமளவு குறைந்திருக்கிறது. முன்பு காகிதத்தில் 24 மணி நேரமும் கட்டங்களாக அச்சிடப்பட்டிருக்கும். ஓய்வு, படுக்கை, ஓட்டுதல், ஓட்டாத பணி என்னும் நான்கு வரிசைகளில் ஓட்டுநரே கோடு இழுப்பார். இரண்டு பதிவேடு வைத்திருந்தவர்களும் உண்டு. 2017 டிசம்பரில் தொடங்கிய கட்டாயத்தின்படி, எஞ்சினுடன் இணைந்த மின்னணுக் கருவி வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொடும்போதே ஓட்டுதல் என்று பதிந்துவிடுகிறது. அப்படித் தானாகப் பதிந்த ஓட்டுநேரத்தைக் குறைத்துத் திருத்த முடியாது. மற்றவற்றைத் திருத்தினால் காரணம் எழுத வேண்டும். பழைய பதிவும் அழியாது. நிறுவனம் திருத்தம் கோரினாலும் ஓட்டுநர் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

வண்டி நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதோ இன்றும் அவரே சொல்லும் கணக்குதான். சரக்கு இறக்குவதை மேற்பார்வை பார்த்த நேரத்தை, 70 மணி நேரத்தில் சேராதிருக்க, ஓய்வு என்று பதிபவரைக் கருவியால் கண்டுபிடிக்க இயலாது. காத்திருப்புக்குக் கூலி கிடைக்காதவரை இந்த ஆசை இருக்கவே செய்யும் என்பது என் கருத்து.

கேள்வி: என் அண்ணன் இங்கிருந்து அமெரிக்காவுக்கு லாரி ஓட்டுகிறார். அவருக்கு எந்த நாட்டு விதி?
— வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: எந்த மண்ணில் ஓட்டுகிறாரோ அந்நாட்டு விதி. கனடாவின் தென்பகுதியில் 13 மணி நேரம் வரை ஓட்டலாம். ஆனால் அங்கே 12 மணி நேரம் ஓட்டிவிட்டு எல்லையைக் கடந்தால், அமெரிக்கக் கணக்கில் அவர் 11ஐத் தாண்டியவர் ஆகிறார். உரிய ஓய்வுக்குப் பிறகே அமெரிக்காவில் ஓட்ட முடியும். அன்றைய பதிவோடு முந்தைய 7 நாள்களின் பதிவையும் அமெரிக்க அதிகாரிகள் கேட்பார்கள் என்பதால், கனடாவில் ஓடிய நாள்களும் அதில் விடுபடாமல் இருக்க வேண்டும்.