கேஸ் ஷீட்டில் இனி பேனா படக்கூடாது

கேள்வி (சுருக்கமாக): தென் மாவட்டம் ஒன்றில் இருபது படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை நடத்தும் சர்ஜன் நான். 41 வயதுப் பெண் ஒருவருக்குத் திங்கட்கிழமை லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தேன். செவ்வாய் இரவிலிருந்து வயிற்று வலி, வியாழன் மாலை கண்ணில் மஞ்சள். வெள்ளிக்கிழமை மதுரைக்கு அனுப்பினேன். பித்தக்குழாயில் காயம் என்று அங்கே மறுபடியும் ஆபரேஷன் செய்தார்கள். நான் வாங்கியது பாதிக் கட்டணம்தான். உறவினர்கள் வந்து கண்ணாடியை உடைத்தார்கள், வாட்ஸ்அப்பில் கண்டபடி எழுதினார்கள். இப்போது 35 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ், கூடவே கேஸ் ஷீட் நகலும் கேட்டிருக்கிறார்கள். புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் போய்ப் பார்த்தேன், ஆனால் குறிப்பு எழுதவில்லை. நகல் கொடுப்பதற்கு முன் அதை எழுதிச் சேர்த்துவிடலாமா?

பதில்: கூடாது டாக்டர். ஒரு எழுத்துகூடக் கூடாது. நீங்கள் உண்மையிலேயே போய்ப் பார்த்திருந்தாலும் கூடாது.

கண்ணாடி உடைந்ததற்கு மருத்துவமனைகளைப் பாதுகாக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாகப் புகார் கொடுங்கள், ஆனால் இந்த வழக்கில் அது உங்களுக்குக் கடுகளவும் உதவாது. பாதிக் கட்டணம் என்ற பேச்சும் அப்படித்தான். எல்லோருக்கும் முழு இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம் மட்டுமே நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கும் என்று 1995லேயே வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

பித்தக்குழாயில் காயம் பட்டதை நினைத்துத்தான் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. உண்மையில் அதை வாதாட முடியும். லேப்ராஸ்கோப்பியில் நல்ல கைகளுக்கும் நேரக்கூடிய சிக்கல் அது, சம்மதப் படிவத்தில் அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியும் இருக்கிறீர்கள். சிக்கல் வந்தாலே கவனக்குறைவு என்று ஆகிவிடாது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்வதைச் செய்தாரா என்றுதான் கேட்பார்கள் (உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும்). எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவராக இருந்தால் திங்கட்கிழமையைத் தொடவே மாட்டார். செவ்வாய் இரவு வலி என்று சொன்ன நோயாளியை வெள்ளிக்கிழமை வரை ஏன் வைத்திருந்தீர்கள், நடுவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார். உங்கள் வழக்கு முழுவதும் அந்த இரண்டு நாள்தான், அந்த இரண்டு நாளும் தாளில் காலி.

அதனால்தான் எழுதிச் சேர்க்கத் தோன்றுகிறது. இருபத்திரண்டு வருடமாக மருத்துவர்கள் பக்கம் நின்றே வழக்கு நடத்துகிறேன், ஜெயித்திருக்க வேண்டிய வழக்குகளை நான் தோற்றதில் பாதிக்கு மேல் சிகிச்சையால் தோற்றதல்ல, அதற்குப் பிறகு எழுதியதால் தோற்றது. ஒரு வழக்கில் நான்கு நாள் குறிப்பும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மூன்றாம் தேதிக் குறிப்பை எழுதிய அழுத்தம் அடியிலிருந்த தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தது, அந்தத் தாளோ ஆறாம் தேதி மாலைதான் கேஸ் ஷீட்டில் சேர்ந்தது. இன்னொரு வழக்கில் சம்மதப் படிவத்தின் அடியில் அச்சகம் போட்டிருந்த மாதம், ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் பிந்தியது. அந்த டாக்டர் நல்லவர், சிகிச்சையிலும் தப்பில்லை. ஆனால் தாளைப் பார்த்த பிறகு அவர் சொன்ன எதையும் நுகர்வோர் கமிஷன் உறுப்பினர்கள் நம்பவில்லை.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் தம்பி கேஸ் ஷீட்டை வாங்கிப்போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தான்." டாக்டர், காலியான அந்தப் பக்கம் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது, மதுரை ஆஸ்பத்திரி ஃபைலிலும் இருக்கிறது. நீங்கள் நிரப்பிய நகலைக் கொடுத்த அன்றே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதோடு இது கவனக்குறைவு வழக்கு என்பது போய், பொய் ஆவணம் தயாரித்த வழக்காகிவிடும். கவனக்குறைவுக்காக டாக்டர் மேல் எளிதில் கிரிமினல் வழக்குப் போடவிடாமல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு தரும் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. மருத்துவக் கவுன்சிலுக்குத் தனிப் புகார் போகும், இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கும்.

நகலை இருக்கிறபடியே கொடுங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை, தாமதித்தால் அந்த நேரத்தில் திருத்தினீர்கள் என்பார்கள். அசல் கேஸ் ஷீட்டை ஸ்கேன் எடுத்துப் பூட்டி வையுங்கள். நினைவில் இருப்பதை இன்றைய தேதி போட்டு, உங்கள் வக்கீலுக்கு எழுதும் கடிதமாகத் தனித்தாளில் எழுதுங்கள். அப்புறம் அந்த இரண்டு நாளுக்கு வேறு என்ன சான்று இருக்கிறது என்று தேடுங்கள். புதன்கிழமை ஆன்டிபயாடிக் மாற்றினேன் என்கிறீர்கள், அப்படியானால் மருந்துக் கடை பில் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் லேப் ரிஜிஸ்டரில் நேரம் இருக்கும். நர்ஸ் சார்ட், ஸ்கேன் சீட்டு, வியாழன் இரவு மதுரை டாக்டரிடம் பேசிய போன் பதிவு, எல்லாம் சேரும். நீங்கள் எழுதாததை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள், இதை வைத்தே காலிப் பக்கத்தோடு இரண்டு வழக்கு ஜெயித்திருக்கிறேன்.

புதன்கிழமை ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கேட்டதற்குச் சான்று கிடைத்தால் வழக்கை நடத்தலாம். பதில் தாக்கல் செய்ய, நுகர்வோர் கமிஷனிலிருந்து புகார் நகல் வந்த நாளிலிருந்து 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது, அந்தக் கணக்கில் அசட்டையாக இருக்காதீர்கள். சான்று எதுவும் கிடைக்காவிட்டால், வருத்தத்தோடு சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். 35 லட்சம் ஆரம்ப விலை. மதுரையில் ஆன செலவு, அந்தம்மா வேலைக்குப் போகாத மாதங்கள், அதற்கு மேல் ஒரு தொகை என்று பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். வெள்ளை வேட்டி கட்டிய யாரோ ஒருவர் மூலம் ரொக்கமாகக் கொடுத்து வாயால் முடிக்காதீர்கள். பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதையே ஒப்புதல் வாக்குமூலம் போலக் காட்டிப் புகார் போட்டவர்களை எனக்குத் தெரியும். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் தருகிறோம் என்ற வரியோடு எழுத்தில் வரட்டும், புகார் பதிவான பிறகு என்றால் கமிஷனின் சமரச மையத்திலேயே முடியுங்கள்.

அதற்கும் முன்னால், நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் இண்டெம்னிட்டி பாலிசியை (இப்படி நஷ்டஈடு கேட்டு வரும் வழக்குகளுக்கான டாக்டர் இன்சூரன்ஸ்) எடுத்துப் பார்த்து, நோட்டீஸ் வந்ததை எழுத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். கம்பெனியைக் கேட்காமல் ஒப்புக்கொண்டாலோ தொகை பேசினாலோ பொறுப்பில்லை என்ற ஷரத்து இந்தப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். அந்தப் பெண்ணின் கணவருக்கு ஏற்கெனவே போன் செய்து ஏதாவது பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பேசியிருந்தால், என்ன சொன்னீர்கள் என்பதை உங்கள் வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.